கேள்வி–பதில்: டூரிங் பைக்கின் அனலும் ஃபேரிங்கில் செய்யத்தக்க மாற்றங்களும்

நீண்ட பயணங்களுக்கான பைக்குகளில் இஞ்சின் சூடு ஓட்டுபவரின் காலையும் தொடையையும் வாட்டுவது குறித்தும், ஃபேரிங் பேனல்களை (பைக்கின் முன்பக்கத்தையும் பக்கவாட்டையும் மூடும் உறைகளை) வெட்டியோ திருத்தியோ அதைத் தணிக்க முடியுமா என்பது குறித்தும் பல வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒன்றோடொன்று தொடர்புடைய அந்தக் கேள்விகளை இந்த இதழில் ஒருசேர எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: என்னுடையது நான்கு சிலிண்டர் இஞ்சினும் முழு ஃபேரிங்கும் கொண்ட, கூலன்ட் எனும் குளிர்விப்புத் திரவத்தால் குளிரும் டூரிங் பைக். வெயில் காலத்தில் வலது கெண்டைக்காலும் உள்தொடையும் பொறுக்க முடியாதபடி சுடுகின்றன. பக்கவாட்டு பேனலில் திறப்புகள் வெட்டினால் இஞ்சின் சூடு குறையுமா? எந்த இடத்தில் வெட்ட வேண்டும்?

பதில்: பேனலை வெட்டுவதால் இஞ்சின் உண்டாக்கும் வெப்பம் சிறிதும் குறையாது. பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் பைக்கை ஓட்டும் வேலையாக மாறுகிறது. ஏறக்குறைய அதே அளவு வெப்பம் புகையோடு சைலென்சர் வழியே போய்விடுகிறது. எஞ்சியது கூலன்ட் வழியாகவும் ஆயில் வழியாகவும் உலோகப் பரப்புகள் வழியாகவும் வெளிக்காற்றில் கலந்தே ஆக வேண்டும். கூலன்ட்டின் வெப்பநிலையை, சூட்டுக்கேற்ப அதன் பாதையைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டும் விசிறியும் கவனித்துக்கொள்கின்றன. எனவே மீட்டர் வழக்கமான அளவையே காட்டும்போதும் உங்கள் கால் சுடுகிறது என்றால், இஞ்சினில் கோளாறு இருப்பதாகக் கருத வேண்டியதில்லை. வெளியேறும் அனலின் பாதையில் உங்கள் கால் இருக்கிறது, அவ்வளவுதான். பேனலைத் திருத்துவது அந்தப் பாதையை வேறு பக்கம் திருப்பிவிடும் வேலை. அந்த வேலையைச் சரியாகச் செய்தால் நல்ல பலன் உண்டு என்பதை உறுதியாகச் சொல்லலாம்.

உங்கள் காலுக்கு வரும் சூடு மூன்று வழிகளில் வரக்கூடும். கூலன்ட்டின் சூட்டைக் காற்றுக்குக் கடத்தும் ரேடியேட்டரைக் கடந்து வந்த அனல்காற்று ஒன்று. புகைக்குழாயும் அதிலுள்ள, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் நேரடியாக வீசும் வெப்பக்கதிர் இன்னொன்று. சட்டகமும் டேங்கின் அடிப்பகுதியும் சூடேறி, தொடுவதன் மூலம் கடத்தும் சூடு மூன்றாவது. எந்த வழியில் வருகிறது என்று தெரியாமல் பிளேடை எடுப்பது வீண் வேலை. சிக்னலில் நிற்கும்போது விசிறி ஓடத் தொடங்கிய சில நொடிகளில் இரண்டு கால்களிலும் அனல் அடித்தால், அது ரேடியேட்டர் காற்று. சீரான வேகத்தில் போகும்போதும் ஒரு காலில் மட்டும், ஒரே இடத்தில் விடாமல் சுட்டால், அந்தப் பக்கம் செல்லும் புகைக்குழாயைச் சந்தேகிக்க வேண்டும். பைக்கை நிறுத்தி இஞ்சினை அணைத்த பிறகும் உள்தொடையில் சூடு நெடுநேரம் நீடித்தால் அது சட்டகத்திலிருந்தோ டேங்கிலிருந்தோ வருவது. நீங்கள் வலது பக்கத்தை மட்டும் குறிப்பிட்டிருப்பதால் குழாயையும் அதன் மறைப்புத் தகட்டையும் முதலில் பாருங்கள்.

வெட்டுவதற்கு முன் இன்னொரு வேலையும் இருக்கிறது. பேனல்களைக் கழற்றி, தயாரிப்பாளர் பொருத்தியிருந்த ரப்பர் மறைப்புகளும் ஃபோம் பட்டைகளும் அனைத்தும் இடத்தில் இருக்கின்றனவா என்று சோதித்துப் பாருங்கள். டேங்குக்கு அடியிலும் சட்டகத்தின் இரு பக்கங்களிலும் பெரும்பாலான டூரிங் பைக்குகளில் ஒரு ரப்பர் விரிப்பு இருக்கும். இஞ்சினுக்கு மேலே தேங்கும் அனல் தொடைப்பக்கம் ஏறி வராமல் தடுப்பது அதுதான். வால்வு இடைவெளியைச் சரிசெய்யவோ ஏர் ஃபில்டரை மாற்றவோ டேங்கைத் தூக்கும்போது அந்த விரிப்பு மடங்கிப்போவதும், அதைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் உடைவதும், சில சமயம் அது திரும்பப் பொருத்தப்படாமலே போய்விடுவதும் அடிக்கடி நேர்கின்றன. சர்வீஸுக்குப் பிறகு திடீரென்று சூடு கூடிவிட்டது என்று எழுதுகிற வாசகர்கள் எல்லோருக்கும் நாம் முதலில் சொல்வது இதைத்தான். ரேடியேட்டரின் ஓரத்துக்கும் பேனலுக்கும் இடையில் உள்ள ஃபோம் பட்டை உதிர்ந்திருந்தாலும் இதே கதைதான்: முன்னால் வரும் காற்று ரேடியேட்டருக்குள் நுழையாமல் ஓரத்து இடுக்கு வழியே நழுவிவிடும்; விசிறி அதிக நேரம் ஓடும்; காலில் அனல் கூடும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் சூடு குறையவில்லை என்றால், வெட்டும் இடத்தைக் காற்றிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். விரல் நீளக் கம்பளி நூல் துண்டுகளை மாஸ்கிங் டேப்பால் பக்கவாட்டு பேனல் முழுவதும் ஒட்டுங்கள். பேனல்கள் இணையும் இடுக்குகளின் விளிம்பிலும் ஒட்டுங்கள். பக்கத்தில் வரும் வாகனத்தில் பின்னால் அமர்ந்திருக்கும் ஒருவர் அதை வீடியோ எடுக்கட்டும். இடுக்கருகே உள்ள நூல் உள்ளே இழுக்கப்பட்டால் அங்கே வெளியில் காற்றழுத்தம் அதிகம் என்று பொருள். அங்கே திறப்பு வெட்டினால் வெளிக்காற்று உள்ளே புகுந்து அனலை உங்கள் பக்கமே தள்ளும். நூல் வெளியே ஊதப்பட்டுப் படபடத்தால் அங்கே அழுத்தம் குறைவு. அனல் வெளியேறுவதற்கு ஏற்ற இடம் அதுவே. பொதுவாக, பேனல் அகலமாகப் புடைத்து வந்து பின்னோக்கி வளையத் தொடங்கும் பகுதியில் இப்படிப்பட்ட இடம் கிடைக்கும்.

கேள்வி: காற்று நிறைய உள்ளே போனால் நல்லது என்று நினைத்து ஃபேரிங்கின் முன்பகுதியில் இரண்டு பெரிய திறப்புகளை வெட்டினேன். அதன் பிறகு வேகமாகப் போகும்போது மீட்டரில் வெப்பநிலை கூடிவிட்டது. எப்படி?

பதில்: நீங்கள் வெட்டிய திறப்புகள் ரேடியேட்டருக்குப் பின்னால் உள்ள இடத்துக்குக் காற்றைக் கொண்டுபோகின்றன என்று ஊகிக்கிறோம். ரேடியேட்டர் வழியாகக் காற்று பாய வேண்டுமானால் அதன் முன்னால் அழுத்தம் அதிகமாகவும் பின்னால் குறைவாகவும் இருக்க வேண்டும். அந்த வேறுபாடுதான் காற்றைத் தள்ளுகிறது. பின்னால் உள்ள இடத்தில் வெளிக்காற்றைப் புகவிட்டால் அங்கும் அழுத்தம் ஏறி வேறுபாடு குறைந்துவிடும். உள்ளே வந்த காற்று வெளியேற வழி இல்லாத இடத்தில் எவ்வளவு திறப்பு வைத்தாலும் பலன் இராது. டூரிங் பைக்குகளில் பெரும்பாலும் நுழைவாயில் போதுமானதாகவே இருக்கிறது, போதாதது வெளிவாயில்தான்.

இதை நீங்களே அளந்து பார்க்கலாம். ஒரு மெல்லிய ஒளிபுகும் குழாயை U வடிவில் வளைத்து, நிறமேற்றிய நீரைப் பாதியளவு நிரப்பி, ஒரு முனையை ரேடியேட்டருக்கு முன்னாலும் மறு முனையை அதற்குப் பின்னாலும் நீட்டிக் கட்டுங்கள். நீர்மட்டங்களின் வேறுபாடுதான் நீங்கள் தேடும் அளவு. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று தரக்கூடிய முழு அழுத்தமே ஏறத்தாழ 47 மி.மீ. நீர்மட்டத்துக்குச் சமம், 60 கி.மீ. வேகத்தில் அது சுமார் 17 மி.மீ.; 30 கி.மீ. வேகத்தில் 4 மி.மீ. அளவுக்குத்தான் இருக்கும். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால் இப்படி விழுகிறது. நெரிசலில் ஊர்ந்து போகும்போது ஃபேரிங்கின் வடிவம் கிட்டத்தட்ட எதற்கும் உதவாததும், விசிறி மட்டுமே கைகொடுப்பதும் இதனால்தான். முன்பக்கத் திறப்புகளை அலுமினிய டேப்பால் மூடிவிட்டு அதே சாலையில், அதே வேகத்தில் மறுபடி அளந்து பாருங்கள். வித்தியாசம் நீர்மட்டத்திலேயே தெரியும்.

கேள்வி: திறப்பு வெட்டுவதென்று முடிவு செய்துவிட்டேன். பேனல் உடையாமல் எப்படி வெட்டுவது? எவ்வளவு பெரிதாக வெட்டலாம்?

பதில்: முதலில் அட்டையில் செய்து பாருங்கள். தடித்த அட்டையில் காற்றைத் திருப்பும் சிறு தகடு ஒன்றை வெட்டி, ஏற்கெனவே இருக்கும் இடுக்கின் முன் விளிம்பில், வெளிப்புறம் 10 முதல் 15 மி.மீ. வரை எழும்பி நிற்குமாறு டேப்பால் ஒட்டி ஓட்டுங்கள். கடந்து செல்லும் காற்று அந்த உதட்டைத் தாண்டிக் குதிப்பதால் அதற்குப் பின்னால் அழுத்தம் விழும். இடுக்கு வழியாக அனல் வெளியே உறிஞ்சப்படும். சில பைக்குகளில் இவ்வளவே போதுமானதாகிவிடுகிறது, வெட்டவே வேண்டியிருப்பதில்லை. பேனலின் பின்பகுதி ஸ்க்ரூக்களில் நைலான் வளையங்களைச் செருகி, பேனலைச் சிறிது வெளியே தள்ளி நிறுத்திப் பார்ப்பதும் இதே வகையைச் சேர்ந்த, திரும்பப் பெறக்கூடிய சோதனை. யமஹா நிறுவனம் எஃப்ஜேஆர் 1300 பைக்கில் 2006 மாடலிலிருந்து பக்கவாட்டு பேனல்களை வெளியே நகர்த்தி வைத்துக்கொள்ளும் வசதியைத் தந்தது. கவாஸாகி தன் 1400ஜிடிஆர் பைக்கின் 2010 மாடலில் ஃபேரிங்கைத் திருத்தி, அனல் வெளியேறும் வழிகளை மாற்றியமைத்தது. பெரிய நிறுவனங்களே ஓட்டுநர்களின் குறையைக் கேட்டு இரண்டாவது முறை வடிவமைத்த விஷயம் இது என்பதால், நீங்களும் ஒரே முயற்சியில் முடிக்க வேண்டும் என்று அவசரப்பட வேண்டியதில்லை.

வெட்டும் வேலைக்கு வருவோம். பெரும்பாலான பேனல்கள் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. அது 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகத் தொடங்கிவிடும். அதிவேகக் கருவியால் வெட்டினால் உருகி, பிளேடுக்குப் பின்னாலேயே மீண்டும் ஒட்டிக்கொள்ளும். நெருக்கமான பற்கள் கொண்ட பிளேடைக் கையால் மெதுவாக ஓட்டுவதே நல்லது. வெட்ட வேண்டிய வடிவத்தின் மூலைகள் ஒவ்வொன்றிலும் முதலில் டிரில்லால் வட்டத் துளை போட்டுக்கொள்ளுங்கள். பிறகு துளையிலிருந்து துளைக்கு வெட்டுங்கள். கூரிய மூலையை விட்டுவைத்தால் அதிர்வில் அங்கிருந்து விரிசல் ஓடும். ஸ்க்ரூ துளைகளையும் உட்புற விலா எலும்புகள் போன்ற தடிப்புகளையும் விட்டு இரண்டு விரலாவது தள்ளி நில்லுங்கள். வெட்டிய விளிம்பை அரத்தாலும் உப்புத்தாளாலும் மழுக்கிவிடுங்கள். உட்புறமாகக் கம்பி வலை பொருத்தினால் கல்லும் குப்பையும் புகாது. ஆனால் மிக நெருக்கமான வலை காற்றையும் தடுக்கும் என்பதால் சற்றே பெரிய கண்களைக் கொண்ட வலையைத் தேர்ந்தெடுங்கள்.

திறப்பின் அளவைப் பொறுத்தவரை, சிறிதாகத் தொடங்குங்கள். அதைவிட முக்கியமானது திசை. திறப்பிலிருந்து வரும் அனல் பேனலை ஒட்டியே பின்னோக்கி ஓடி முழங்காலில் மோதினால் நீங்கள் செய்த வேலை சூட்டைக் கெண்டையிலிருந்து முழங்காலுக்கு மாற்றியதோடு சரி. திறப்பின் முன் உதடு காற்றோட்டத்தை முழங்காலுக்கு வெளியே தூக்கி எறியும் அளவுக்கு அமைய வேண்டும். பைக்கில் அமர்ந்து, காலை வழக்கமான நிலையில் வைத்துக்கொண்டு, ஒரு நேரான குச்சியை உதட்டின் மேல் வைத்துப் பார்த்தால் அது முழங்காலைத் தாண்டிப் போகிறதா என்று தெரிந்துவிடும். இரு பக்கமும் ஒரே மாதிரி செய்யுங்கள். மாற்றத்துக்குப் பிறகு முதலில் மிதமான வேகத்தில் ஓட்டி, பக்கக்காற்றில் பைக் எப்படி நடந்துகொள்கிறது என்று உணர்ந்த பிறகே வேகம் கூட்டுங்கள். புதிய அனல் வழியில் பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், ஒயர் கட்டு எதுவும் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். இதில் சமரசமே கூடாது.

கேள்வி: வெயில் காலம் முழுவதும் கீழ்ப் பேனல்களை முற்றிலும் கழற்றிவிட்டால் என்ன?

பதில்: நெரிசலில் மட்டும் ஓட்டுபவருக்கு ஓரளவு ஆறுதல் கிடைக்கலாம், தேங்கும் அனல் பக்கவாட்டில் கலைந்து போகும். நெடுஞ்சாலையில் பெரும்பாலும் பாதகமே. ரேடியேட்டருக்குக் காற்றை வழிகாட்டி அழைத்துவருவதும், வெளியேறும் அனலைக் காலிலிருந்து விலக்குவதும் அந்தப் பேனல்கள்தான். கழற்றினால் மழைநீரும் சேறும் மின் இணைப்புகளில் தெறிக்கும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பேனலின் உட்புறத்தில் பளபளக்கும் வெப்பத்தடுப்புத் தாளை ஒட்டினேன். வெப்பமானியால் அளந்தபோது தாளின் மேல் மிகக் குறைந்த அளவு காட்டியது; ஆனால் காலுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஏன்?

பதில்: இரண்டு காரணங்கள் இருக்கக்கூடும். நீங்கள் பயன்படுத்தியது தொடாமல் அளக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி என்றால், பளபளப்பான உலோகப் பரப்பில் அது காட்டும் அளவை நம்ப முடியாது. பளபளப்பான அலுமினியம் தன் வெப்பத்தை மிகக் குறைவாகவே கதிராக வெளியிடும். கருவி அதைப் பார்த்து, பரப்பு குளிர்ந்திருப்பதாகக் கணித்துவிடும். அளக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அது சூடேறிய பிறகு அதன் மேல் அளந்தால் உண்மை தெரியும். அதைவிட, நீங்கள் அளக்க வேண்டியது பேனலின் வெளிப்பக்கத்தை, அதாவது கால் படும் பக்கத்தை.

இரண்டாவது, இந்தத் தாள்கள் கதிராக வரும் வெப்பத்தைத் திருப்பி அனுப்பக்கூடியவை. சுற்றிலும் நிறைந்திருக்கும் அனல்காற்றை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் சூடு ரேடியேட்டர் காற்றிலிருந்து வருகிறது என்றால் தாள் ஒட்டிப் பயனில்லை. குழாயிலிருந்து வருகிறது என்றால் பயன் உண்டு. அப்போதும் தாளுக்கும் குழாய்க்கும் இடையே காற்று இடைவெளி இருந்தாக வேண்டும். தாள் குழாய்மேல் படிந்துவிட்டால் அது வெறும் உலோகம், சூட்டைத் தடையின்றிக் கடத்தும். பேனலில் ஒட்டுவதைக் காட்டிலும் நல்ல ஏற்பாடு, குழாய்க்கும் பேனலுக்கும் நடுவே மெல்லிய அலுமினியத் தகடு ஒன்றை, இரு பக்கமும் காற்று போகுமாறு சிறு வளையங்கள் வைத்து நிறுத்துவது. தகடு கதிரைத் தடுக்கும். இடையே ஓடும் காற்று தகட்டின் சூட்டை எடுத்துச் செல்லும். அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே தகரம் வைப்பதைப் போன்ற எளிய வேலைதான். ஆனால் விலை உயர்ந்த தாள்களைக் காட்டிலும் அதிகம் உதவும்.

கேள்வி: புகைக்குழாயின் மேல் வெப்பத்தடுப்பு நாடாவைச் சுற்றலாமா?

பதில்: காலில் படும் கதிர்வீச்சு குறையும் என்பது உண்மை. ஆனால் நாடா மழைநீரை உறிஞ்சிவைத்துக்கொண்டு சாதாரண எஃகுக் குழாயை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். உள்ளே வெப்பம் அடைபடுவதால் குழாயின் உலோகமும் கூடுதல் சூட்டைத் தாங்க வேண்டியிருக்கும். டூரிங் பைக்கை எல்லா வானிலையிலும் ஓட்டுவோம் என்பதால் முன்சொன்ன தகட்டு மறைப்பையே பரிந்துரைக்கிறோம்.

கேள்வி: உயரமான வைசர் (ஃபேரிங்கின் மேலுள்ள காற்றுத் தடுப்புக் கண்ணாடி) பொருத்திய பிறகு கால் சூடு மட்டுமல்லாமல் மார்பு, வயிறு வரை வெந்த காற்று ஏறி வருகிறது. வைசருக்கும் இஞ்சின் சூட்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: நேரடித் தொடர்பு உண்டு, பலர் கவனிக்கத் தவறும் இடமும் இதுதான். உயரமான, அகலமான வைசர் எதிர்க்காற்றை உங்களுக்கு மேலே தூக்கிவிடும்போது அதன் பின்னால், அதாவது நீங்கள் அமர்ந்திருக்கும் இடத்தில், அழுத்தம் குறைந்துவிடுகிறது. அந்தக் குறையை நிரப்பப் பின்னாலிருந்தும் கீழிருந்தும் காற்று மேலேறி வருகிறது. கீழே இருப்பது இஞ்சினைச் சுற்றிய அனல் என்பதால் அதுவே டேங்கின் இரு ஓரங்கள் வழியாக உங்கள் மார்புக்கு வருகிறது. முதுகில் ஏதோ முன்னோக்கித் தள்ளுவது போன்ற உணர்வு உங்களுக்கு இருந்தால் இதுவே காரணம் என்று உறுதியாக எடுத்துக்கொள்ளலாம்.

வைசரின் கீழ் விளிம்பை ஃபேரிங்கிலிருந்து இரண்டு விரல் அளவு விலக்கி, ஸ்க்ரூக்களில் நீளமான வளையங்கள் வைத்துப் பொருத்திப் பாருங்கள். அந்த இடைவெளி வழியாகக் கொஞ்சம் வெளிக்காற்று பின்னால் நுழைந்தால் அழுத்தக் குறைவு நிரம்பிவிடும். கீழிருந்து அனல் ஏறி வரத் தேவை இராது. பல டூரிங் பைக்குகளின் வைசருக்குக் கீழே தயாரிப்பாளரே ஒரு காற்றுத் திறப்பை வைத்திருப்பது இதற்காகத்தான். உங்கள் புதிய வைசர் அதை மூடிவிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இதோடு, டேங்கின் முன்பகுதிக்கும் ஃபேரிங்குக்கும் இடையே உள்ள இடுக்கை ஃபோம் பட்டையால் அடைத்தால் அனல் ஏறும் வாசலே அடைபடும். அந்த ஃபோம் எரிபொருளிலும் வெப்பத்திலும் கெடாத, நீரை உறிஞ்சாத வகையாக இருக்க வேண்டும். ஸ்டியரிங்கை இரு புறமும் முழுவதும் திருப்பி, ஒயர்களும் கேபிள்களும் எங்கும் சிக்கவில்லை என்று பார்த்த பிறகே ஓட்ட வேண்டும்.

கேள்வி: என் பைக் காற்றால் குளிரும் பெரிய வி-ட்வின் (V வடிவில் இரண்டு சிலிண்டர்கள் கொண்டது). பின் சிலிண்டரின் சூடு உள்தொடையில் தாங்க முடியவில்லை. இதற்கும் நீங்கள் சொல்லும் வழிகள் பொருந்துமா?

பதில்: ஓரளவுதான் பொருந்தும். உங்கள் இஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது. சிலிண்டரைச் சுற்றியுள்ள துடுப்புகளை (மெல்லிய உலோகத் தகடுகளை) காற்று தழுவிச் செல்வதே குளிர்விப்பு. முன் சிலிண்டருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பின் சிலிண்டருக்கு ஏற்கெனவே சூடேறிய காற்றே கிடைக்கிறது. கால் மறைப்பான கீழ் ஃபேரிங்குகள் உங்கள் பைக்கில் இருந்தால் வெயில் காலத்தில் அவற்றைக் கழற்றிவிடுங்கள், அல்லது அவற்றின் காற்றுத் திறப்பை முழுவதும் திறந்துவையுங்கள். கீழ்ப் பேனல்களைக் கழற்றுவது பற்றிக் கேட்ட வாசகருக்குச் சொன்னதற்கு நேர்மாறான இந்த ஆலோசனைக்குக் காரணம், இங்கே காப்பாற்ற வேண்டிய ரேடியேட்டர் காற்றோட்டம் எதுவும் இல்லை என்பதே. இதற்கு விலக்கு ஒன்று உண்டு: ஹார்லி-டேவிட்சன் 2014 மாடலில் கொண்டுவந்த, சிலிண்டர் தலைகளைக் கூலன்ட்டால் குளிர்விக்கும் டூரிங் பைக்குகளில் ரேடியேட்டர்களே அந்தக் கீழ் ஃபேரிங்குகளுக்குள் இருக்கின்றன. அவற்றைக் கழற்றக் கூடாது.

டேங்குக்குக் கீழே, சட்டகத்தின் இரு பக்கமும் பொருத்தும் சிறு காற்றுத்திருப்பிகள் உள்தொடைக்குப் பெரிதும் உதவும். சிலிண்டர்களுக்கு இடையிலிருந்து வரும் அனலை அவை தொடைக்கு வெளியே தள்ளிவிடுகின்றன. நின்றுகொண்டிருக்கும்போது மட்டும் சூடு அதிகம் என்றால், சில ஹார்லி பைக்குகளில் இஞ்சின் மிகவும் சூடேறியதும் நின்ற நிலையில் பின் சிலிண்டரில் எரிதலைத் தானாக நிறுத்தும் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் மாடலில் அது உண்டா, இயக்கப்பட்டிருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள்.

கேள்வி: தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டால் இஞ்சின் குளிர்ச்சியாக ஓடும் என்கிறார் என் மெக்கானிக். விசிறிக்குத் தனி சுவிட்ச் வைக்கலாம் என்றும் சொல்கிறார்.

பதில்: தெர்மோஸ்டாட்டை எடுக்காதீர்கள். இஞ்சின் தனக்குரிய வெப்பநிலையை எட்ட நேரமாகும். அதுவரை பெட்ரோல் வீணாகும், ஆயில் கெடும், தேய்மானம் கூடும். நெரிசலில் அது எப்படியும் முழுவதும் திறந்தே இருக்கும் என்பதால் உங்களுக்கு வேண்டிய நேரத்தில் எந்தப் பலனும் கிடைக்காது. கூலன்ட் நூறு டிகிரியைத் தொட்டதும் பயப்படவும் வேண்டாம்: கிளைக்கால் (glycol) என்ற திரவமும் நீரும் சரிபாதியாகக் கலந்த கூலன்ட், 1.1 பார் அழுத்த மூடிக்குள் ஏறத்தாழ 125 டிகிரி வரை கொதிக்காது. பல பைக்குகளில் விசிறி ஓடத் தொடங்குவதே 100 முதல் 105 டிகிரிக்குள்தான்.

விசிறிக்குத் தனி சுவிட்ச் வைக்கலாம். நெரிசல் வரப்போகிறது என்று தெரிந்ததும் முன்கூட்டியே ஓடவிட்டால் அனல் ஒரேயடியாக வீசாமல் மிதமாக வெளியேறும். சுவிட்ச், விசிறியைத் தானாக இயக்கும் ரிலேவுக்கு இணையாக இணைக்கப்பட வேண்டும். நீங்கள் போட மறந்தாலும் விசிறி தானாக ஓடும் வசதி அப்படியே இருக்க வேண்டும். தகுந்த ஃபியூஸ் அவசியம். நின்ற நிலையில் சார்ஜிங் குறைவாக இருக்கும் என்பதால், கூடுதல் விளக்குகள் எரியும்போது விசிறியும் சேர்ந்து ஓடினால் பேட்டரி வோல்ட்டேஜ் இறங்குகிறதா என்பதை ஒரு மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, இறங்கினால் விளக்குகளை அணைத்துக்கொள்ளுங்கள்.